'கெட்' என்ற சொல்லில் ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்

மூன்று வாரமாக 'கெட்' என்ற ஆங்கிலச் சொல்லோடு மல்லுக்கட்டுகிறேன். முதலில் எல்லா இடத்திலும் 'பெறு' என்றே போட்டுப் பார்த்தேன். 'காட் எ லெட்டர்' ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகாலம்) சரியாக வந்தது. 'காட் டயர்ட்' என்பது 'களைப்பைப் பெற்றேன்' என்றானதும் அதைக் கைவிட்டேன். அப்புறம் மாற்றுச்சொல் வைத்துப் பார்த்தேன்: கடிதத்துக்கு 'ரிசீவ்', களைப்புக்கு 'பிகம்', வீடு சேர 'அரைவ்', புரிந்துகொள்ள 'அண்டர்ஸ்டாண்ட்'. இதுவரை பிழையில்லை.

சிக்கல் இங்கேதான்:

'ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்.'
'ஐ காட் மை ஃபோன் ஸ்டோலன்.'

அமைப்பு அச்சு அசலாக ஒன்று. ஆனால் முதலாவதில் நான் ஆள் வைத்துப் பழுது பார்த்தேன். இரண்டாவதில் ஃபோனைப் பறிகொடுத்தேன். தமிழில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது, வினையே காட்டிக்கொடுத்துவிடும். 'காட்' இருக்கும் இடத்தில் 'ஹேட்' ('ஹேவ்' என்பதன் இறந்தகாலம்) போட்டேன், அப்போதும் இரண்டு பொருளும் அப்படியே நிற்கின்றன. இரண்டு அகராதிகள் பார்த்தேன். இரண்டு பொருளையும் தருகின்றன, பிரித்தறியும் வழியைச் சொல்லவில்லை. மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு முறையும் இங்கேயே கை நின்றுவிடுகிறது.

நானே செய்வித்ததா, எனக்கு நேர்ந்ததா என்று காட்ட வாக்கிய அமைப்பிலேயே ஏதாவது அடையாளம் உண்டா, இல்லை சூழலை வைத்து மட்டும்தான் முடிவு செய்ய வேண்டுமா?