இரு வட்டார விமான நிலையங்களுக்கு இடையே தொலைவும் பயண நேரமும்: என் கணக்கில் பிழை எங்கே?

கேள்வி:
வான்வழித் தொலைவை ஹேவர்சைன் சூத்திரத்தால் (புவியை முழுக்கோளமாகக் கொண்டு, அட்சரேகை, தீர்க்கரேகைகளிலிருந்து இரு இடங்களுக்கு இடையிலான தொலைவைத் தருவது) கணக்கிட்டுப் பழகி வருகிறேன். நான் எடுத்துக்கொண்ட இரு நிலையங்களும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், தெற்கு வடக்காக அமைந்தவை. வடக்கு நிலையத்தின் அட்சரேகை 16.10 எனத் தசமத்திலேயே கிடைத்தது. தெற்கு நிலையத்துக்கு 12°30′ என்றிருந்ததை 12.30 என உள்ளிட்டேன். புவியின் ஆரத்தை 6371 கிலோமீட்டராகக் கொண்டபோது 422.5 கிலோமீட்டர் வந்தது. வரைபடத்தில் அளந்தாலோ 400தான். மேலும், மணிக்கு 500 கிலோமீட்டர் செல்லும் டர்போபிராப் விமானம் (விசையாழியால் சுழலும் உந்துவிசிறி கொண்டது) 400 கிலோமீட்டரை 48 நிமிடத்தில் கடக்க வேண்டும் அல்லவா? கால அட்டவணை 1 மணி 15 நிமிடம் என்கிறது.

மறுமொழி 1:
ஒரு பாகைக்கு 60 நிமிடம் என்பதால் 12°30′ என்பது 12.50 ஆகும். அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். நீங்கள் விட்ட 0.2 பாகைதான் அந்த 22 கிலோமீட்டர். சூத்திரத்தின் மேல் குறையில்லை. புவி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதை அது கணக்கில் கொள்ளாததால் அரை விழுக்காடு வரை விலகலாம், அவ்வளவே. அதுவும் கூடாதென்றால், புவியின் தட்டையையும் கணக்கில் கொள்ளும், வின்சென்டி 1975இல் வெளியிட்ட முறையை, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் புவி வடிவ அளவுகளான டபிள்யூ.ஜி.எஸ். 84 உடன் பயன்படுத்துங்கள்.

மறுமொழி 2:
அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் சென்றடைந்த இடத்தில் நிற்பது வரையிலான ‘பிளாக் டைம்’ அது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்ல வேண்டும். காற்றை எதிர்கொள்ளும் திசையில் எழும்பியபின் தன் வழிக்குத் திரும்ப வேண்டும். உயரம் எட்டும்வரை முழு வேகம் கிடைக்காது. இறங்குகையிலும் வெகு முன்பே வேகத்தைக் குறைத்து, ஓடுபாதையின் உரிய முனைக்குச் சுற்றி வர நேரலாம். இவற்றுக்கு ஆகும் நேரம் பயணம் நீண்டாலும் குறைந்தாலும் பெரிதாக மாறுவதில்லை என்பதால்தான், குறுகிய தடங்களில் இந்த வேறுபாடு இவ்வளவு உறுத்துகிறது. நான் சீரான வேகத்துக்கான நேரத்துடன் 25 முதல் 30 நிமிடம் வரை கூட்டிக்கொள்வேன். உங்கள் தடத்துக்கும் அது பொருந்துகிறது.

மறுமொழி 3:
காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானத்தின் 500 என்பது காற்றைச் சார்ந்த வேகம். தரைக்கு மேல் கடக்கும் வேகம் வேறு. மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால் 400 கிலோமீட்டருக்கு 53.3 நிமிடம் ஆகும், அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 43.6 நிமிடம். போக வர இரண்டும் ஈடாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டிப் பாருங்கள், 96 நிமிடத்துக்கு மேலேயே நிற்கும், ஏனெனில் எதிர்க்காற்றில்தான் விமானம் அதிக நேரம் செலவிடுகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 12.50 என்று திருத்தியதும் 400.3 வந்தது, வின்சென்டி முறையில் 398.3. இனி எந்த ஆயத்தொலைவை எடுத்தாலும், அது தசமப் பாகையா, பாகை நிமிடமா என்பதை முதலில் பார்த்துவிட்டே உள்ளிடுவேன்.