வேலையில முதுகு பிடிச்சுக்கிச்சு, திங்கட்கிழமை ஷிஃப்ட். சொல்லலாமா வேணாமா?

புதுவரவு:
இங்க வந்து மூணு மாசம். கிடங்குல பெட்டி தூக்குற வேலை. வியாழக்கிழமை கீழ்த்தட்டுப் பெட்டியைத் தூக்கித் திரும்பினப்போ இடுப்புல சுளீர்னு ஒரு வலி. பெட்டியை நெஞ்சோட அணைச்சபடியே அப்படியே நின்னுட்டேன். இன்னிக்குக் குனிஞ்சு சாக்ஸ் போட முடியல, வீட்டுக்காரிதான் மாட்டிவிட்டா. சொன்னா வேலையை விட்டு நிறுத்திடுவாங்களோ? லேசான வேலை கேக்கறது எப்படி?

பனிக்காலம்:
தம்பி, புரொபேஷன் முடியற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. நான் வந்த புதுசுல பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு எட்டு மாசம் நைட் ஷிஃப்ட் ஓட்டினேன். வீட்டுக்கு வந்து தரையில படுத்தா எழுந்திருக்க அரை மணி நேரம் ஆகும். அப்படித்தான் காலூன்றினோம்.

தேம்ஸ்கரை:
அண்ணா, அந்த யோசனை வேணாம். சொல்லாம விட்டா, பின்னால "வீட்டுல பட்ட அடி"ன்னு சொல்லிடுவாங்க. இங்க இங்கிலாந்துல 7 நாளுக்கு மேல உடம்பு சரியில்லாம லீவுன்னா டாக்டர் தர்ற சான்றான ஃபிட் நோட் வேணும். அதுல வேலை நேரத்தைக் குறைக்கணும், வேலையை மாத்தணும்னு டாக்டரே குறிக்கலாம். அதை வாங்குங்க.

மேசைவேலை:
உயரம் மாத்துற மேசை கேளுங்க. எனக்கு டிஸ்க் பிரச்சினை வந்தப்போ அதுதான் காப்பாத்திச்சு.

கலிஃபோர்னியாக்காரன்:
அவர் பெட்டி தூக்கறவர், மேசை எதுக்கு? அமெரிக்கான்னா 1990ல வந்த ஏடிஏங்கற மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கு, குறைஞ்சது 15 பேர் வேலை செய்யற இடத்துக்குப் பொருந்தும். எந்த நாடுன்னே சொல்லலையே!

பனிக்காலம்:
சட்டம் எல்லாம் காகிதத்துலதான். பட்டம் வாங்கிட்டு வந்து மூட்டை தூக்கறோம், நம்ம வலியை யார் கேக்கறா?

தேம்ஸ்கரை:
அது உண்மைதான் அண்ணா. முதல் வருஷம் நானும் அழுதிருக்கேன்.

புதுவரவு:
மன்னிச்சுக்கோங்க, பதட்டத்துல விட்டுட்டேன். கனடா, ஒன்டாரியோ. ஏஜென்சி மூலமா வேலை. சூப்பர்வைசர் பார்த்துட்டு, "தண்ணி குடிச்சிட்டு வா"ன்னார். எங்கயும் எழுதல.

ஒன்டாரியோ அக்கா:
தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லுங்க. தொடை இடுக்குல மரத்துப்போறது, சிறுநீர் போறதுல சிக்கல், கால் துவண்டுபோறது ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே எமர்ஜென்சிக்குப் போங்க, காத்திருக்காதீங்க.

இல்லேன்னா இன்னிக்கே ஏஜென்சிக்கும் சூப்பர்வைசருக்கும் மெயில் போடுங்க: எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பெட்டி, யார் பார்த்தாங்க. வேலையில பட்ட காயத்துக்கான காப்பீட்டு வாரியமான டபிள்யூஎஸ்ஐபி கணக்குல ஏஜென்சிதான் உங்க முதலாளி. தெரிஞ்சதுல இருந்து 3 வேலை நாளுக்குள்ள அவங்க வாரியத்துக்கு முதலாளியோட காய அறிக்கையான ஃபார்ம் 7 அனுப்பணும். நீங்க தொழிலாளியோட அறிக்கையான ஃபார்ம் 6 போடுங்க. கெடு 6 மாசம், ஆனா தள்ளிப்போடாதீங்க. டாக்டர்கிட்ட "வேலை செய்யறப்போ ஆச்சு"ன்னு தெளிவாச் சொல்லுங்க, அவர் டாக்டரோட அறிக்கையான ஃபார்ம் 8 அனுப்புவார்.

லேசான வேலைக்கு "முதுகு வலி"ன்னு மட்டும் சொன்னா போதாது. எவ்வளவு எடை தூக்கலாம், எவ்வளவு நேரம் நிக்கலாம், குனியலாமான்னு எழுதி வாங்கணும். முதலாளிக்கு நோய் பேர் தெரிய வேண்டியதில்லை, எது முடியும் எது முடியாதுன்னு தெரிஞ்சா போதும். லேபிள் ஒட்டறது, ஸ்கேன் பண்றதுன்னு நீங்களே ரெண்டு வேலையைச் சொல்லிக் கேளுங்க. புரொபேஷன்ல இருந்தாலும் மனித உரிமைச் சட்டம் உங்களுக்கும் உண்டு.

புதுவரவு:
மரத்துப்போறது எதுவும் இல்ல அக்கா. மெயில் எழுதிட்டு இருக்கேன். பக்கத்துல நின்ன பையன் பேரைப் போடலாமா?

ஒன்டாரியோ அக்கா:
அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க. அனுப்பினதும் அதை உங்க சொந்த மெயிலுக்கும் ஒரு காப்பி அனுப்பி வச்சுக்கோங்க.