புதுப்பிப்பு: குடும்ப வன்முறைக்கு எதிரான நடை, பாதை மாறுது

சென்னை காசிமேட்டில் தொடங்கி ராயபுரம் வரை நடக்கலாம் என்று போன பதிவில் எழுதியிருந்தோம். சரிவராது. ஞாயிறு விடியற்காலை மீன் வாங்க வரும் கூட்டத்துக்கும் ஐஸ் வண்டிக்கும் நடுவே 200 பேர் வரிசையாகப் போக இடமே இல்லை. எண்ணூர் பக்கம் ஒதுங்கினால் கண்டெய்னர் லாரி. எனவே தண்டையார்பேட்டை மெட்ரோவில் காலை 6 மணிக்குத் தொடக்கம், டி.எச். ரோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) வழியாக ராபின்சன் பூங்காவில் முடிவு. கடை திறக்கும் முன் முடித்துவிட வேண்டும்.

டி-ஷர்ட் உண்டா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வாசகம் போட்ட சட்டையோடு வீட்டுக்குள் நுழைய முடியாத பெண்களும் நடக்க வருவார்கள். ஊதா ரிப்பனும் ஊக்கும் போதும்; கடைசியில் கழற்றி வாங்கிக்கொள்வோம். 'படம் வேண்டாம்' என்பவர்களுக்குத் தனி நிற ரிப்பன் கொடுத்தால் அதுவே அவர்களைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே முகம் தெரிய யாரையுமே எடுப்பதில்லை, பின்னாலிருந்து பேனர் மட்டும்.

பெண்கள் உதவி எண் 181 என்று பெரிதாக அடித்த நோட்டீஸ் கைப்பையில் சிக்கினால் வீட்டில் வம்பு. 108 (ஆம்புலன்ஸ்), 101 (தீயணைப்பு), 1098 (குழந்தைகள் உதவி) வரிசையில் 181-ஐயும் சேர்த்து, சாதாரண அவசர எண் அட்டையாக அடிக்கிறோம்.

தண்ணீர் ஆளுக்கு அரை லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 5. டம்ளர் கொண்டுவாருங்கள்.

பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளான நவம்பர் 25-ஐ ஒட்டிய ஞாயிறு என்பதால் மழை நிச்சயம் மிரட்டும். போஸ்டர் கலர் வழியும். பேனர் துணியில் எனாமல் பெயின்ட்தான். போலீஸ் மனுவை மூன்று வாரம் முன்பே, பாதை வரைபடத்தோடு கொடுக்கிறோம். மாற்று ஞாயிறையும் அதிலேயே எழுதிவிட வேண்டும், ரெட் அலர்ட் வந்தபிறகு புது மனுவுக்கு நேரம் இருக்காது.