பிடிஎஃபிலிருந்து இ-பப்: வாக்கியத்தின் நடுவே பக்கத் தலைப்பு வருகிறது, மேலே வர வேண்டிய இடத்தில் வரவில்லை

மைக்கூடு (கேள்வி)

வணக்கம். அப்பா எழுதிய சிறிய நூல் ஒன்றை மின்னூலாக்கிக்கொண்டிருக்கிறேன். 168 பக்கம். 2004இல் ஊர் அச்சகத்தில் போட்டது. மூலக் கோப்பு இப்போது யாரிடமும் இல்லை, பிடிஎஃப் மட்டும் கிடைத்தது. அதைக் காலிபர் என்ற மென்பொருளில் இ-பப் (மின்னூல் கோப்பு வடிவம்) ஆக்கினேன்.

அச்சில் இடப்பக்கம் மேலே எண்ணும் நூல் பெயரும், வலப்பக்கம் மேலே இயல் பெயரும் எண்ணும் இருக்கும். அவையெல்லாம் இப்போது பத்திகளுக்குள் புகுந்துவிட்டன. அம்மாவுக்குக் கண் மங்கல். கைப்பேசி வாசித்துக் காட்டித்தான் கேட்கிறார். "கிணற்றடியில் அவள் குடத்தை 112 தோப்பு வீட்டு நாட்கள் இறக்கி வைத்தாள்" என்று வாசிக்கிறது. "நடுவுல என்னடி அது?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்.

இ-பப் கோப்பைத் திருத்தும் சிகில் மென்பொருளில் தேடி நீக்கப் பார்த்தேன். சில இயல் பெயர்கள் சிக்குகின்றன. நூல் பெயரைத் தேடினால் ஒன்றுகூட இல்லை என்கிறது. கண்ணெதிரே இருக்கிறது!

அப்புறம் இன்னொன்று. தலைப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பா இருபது வருடம் கம்பாசிட்டராக இருந்தவர். தலைப்பில்லாத பக்கத்தை ப்ரூஃபிலேயே திருப்பி அனுப்புவார். அவர் நூலில் பக்கம்தோறும் மேலே பெயர் வர வேண்டும் என்பது என் ஆசை. தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில், பக்க அமைப்புக்கான அட்-பேஜ் விதி எழுதினேன், எந்தச் செயலியும் கண்டுகொள்ளவில்லை. தலைப்பை ஒரே இடத்தில் நிற்கவைக்கப் பொசிஷன் ஃபிக்ஸட் கொடுத்தேன். ஒரு செயலியில் இயலின் முதல் வரி மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது, மற்றதில் காணவே இல்லை. என்ன செய்யலாம்?

நெடுங்கணக்கு

முதலில் தேடலைப் பார்ப்போம். சிக்காத தலைப்புகளில் ஒ, ஓ, ஔ ஓசை உள்ள எழுத்து இருக்கிறதா?

மைக்கூடு

ஆமாம்! "கிணறும் கயிறும்" சிக்கியது. "கோடை", "பொழுது" இரண்டும் சிக்கவில்லை. நூல் பெயரில் "தோ" இருக்கிறது.

நெடுங்கணக்கு

அதேதான். ஒருங்குறியில் "தோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். த-வை அடுத்து ஓகாரக் குறி ஒன்றே வருவது ஒரு விதம். த-வை அடுத்து ஏகாரக் கொம்பும் அதற்குப் பின் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாக வருவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும், தேடலுக்கு வேறு வேறு. விசைப்பலகை பெரும்பாலும் முதல் வகையைத் தரும். உங்கள் பிடிஎஃபிலிருந்து வந்தது இரண்டாவது வகை.

உடனடி வழி: தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யாதீர்கள். கோப்பிலிருந்தே அந்தத் தலைப்பை நகலெடுத்து ஒட்டுங்கள், சிக்கும். ஆனால் அதோடு விட்டால் நாளை வாசகர் நூலுக்குள் எதைத் தேடினாலும் இதே கதைதான். ஆகவே நூல் முழுவதையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் ஒருங்குறியின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி வேலை. ஔகாரத்தை மட்டும் கண்ணால் பாருங்கள். கொம்புக்குப் பின் ள என்ற எழுத்தையே போட்டிருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது.

அச்சுமனை

தலைப்பு மேலே வராததற்கு நீங்கள் காரணம் இல்லை. அட்-பேஜ் விதி சரியான விதிதான், இடம்தான் வேறு. பக்கத்தின் ஓரங்களில் 16 பெட்டிகள், அதில் எதில் வேண்டுமானாலும் இயல் பெயரை வரவைக்கலாம். பிரின்ஸ், வீசிபிரிண்ட், விவ்லியோஸ்டைல் போன்ற மென்பொருள்கள் அதைப் படித்து அச்சுக்கான பிடிஎஃப் தரும். இ-பப் வாசிப்பான்களில் அதை நம்ப முடியாது.

2007இல் வந்த இ-பப் 2இல் இதற்கென்றே ஒரு வழி இருந்தது. சிஎஸ்எஸ்ஸின் டிஸ்ப்ளே பண்புக்கு ஓஇபி-பேஜ்-ஹெட், ஓஇபி-பேஜ்-ஃபுட் என்று இரண்டு மதிப்புகள். ஓஇபி என்பது முந்தைய ஓப்பன் இபுக் தரத்தின் பெயர். வாசிப்பான்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2023 மே மாதம், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வந்த இ-பப் 3.3இல் அது கிடையாது. பழைய வழிகாட்டிகளில் இன்னும் தென்படும், அதை நம்பி நேரத்தை விடாதீர்கள்.

எழுத்தளவை வாசகர் மாற்றும்போதே பக்கமும் மாறிவிடுகிறது. பக்கம் வாசிப்பானுடையது, அதனால் மேல்விளிம்பும் அதனுடையதுதான். அங்கே எதைக் காட்டுவது என்பதற்கு அது நம் கோப்பில் இரண்டு இடங்களைப் பார்க்கும்: ஓபிஎஃப் என்ற நூல் விவரக் கோப்பில் உள்ள நூல் பெயர், பொருளடக்கக் கோப்பில் உள்ள இயல் பெயர்கள். உங்கள் செயலியில் இப்போது மேலே என்ன தெரிகிறது?

மைக்கூடு

"ஃபைனல் கரெக்‌ஷன் 3" என்று. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அச்சுமனை

டிடிபி செய்தவர் கோப்புக்கு வைத்த பெயர். பிடிஎஃபின் விவரத்திலிருந்து காலிபர் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அதைத் திருத்துங்கள். பொருளடக்கத்தில் "இயல் 1", "இயல் 2" என்று மட்டும் இருந்தால் முழுப் பெயராக மாற்றுங்கள். பல செயலிகள் அதை மேலேயோ கீழேயோ தாமே காட்டும்.

பனையோலை

நிலை வடிவ இ-பப் செய்தால் என்ன? ஒவ்வொரு பக்கமும் தனிக் கோப்பு, தலைப்பை நினைத்த இடத்தில் வைக்கலாம்.

அச்சுமனை

வைக்கலாம், படக்கதைக்கு அதுதான் நல்லது. ஆனால் இங்கே படிக்கப்போகிறவர்களில் கண் மங்கலானவரும் உண்டு. நிலை வடிவத்தில் எழுத்தளவைக் கூட்ட முடியாது, பக்கத்தையே பெரிதாக்கி இடமும் வலமும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த நூலுக்கு வேண்டாம் என்பேன்.

நெடுங்கணக்கு

மைக்கூடு, நீக்க ஆரம்பித்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொஞ்சம் நிறுத்துங்கள். புகுந்துவிட்ட ஒவ்வொரு தலைப்பும் அச்சுப் பக்கம் எங்கே தொடங்கியது என்று காட்டுகிறது. அழித்துவிட்டால் அந்தத் தகவல் இந்தக் கோப்பில் திரும்பக் கிடைக்காது.

எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு, தலைப்பு இருந்த இடத்தில் ஒரு வெற்று ஸ்பான் குறிச்சொல் வையுங்கள். அதற்குப் பக்கம் மாறும் இடம் என்று சொல்லும் டாக்-பேஜ்பிரேக் என்ற ரோல், அந்த எண்ணை வைத்து ஒரு ஐடி, ஏரியா-லேபிள் என்ற பெயர்ப் பண்பில் எண். உள்ளே எழுத்து எதுவும் வேண்டாம், இருந்தால் கைப்பேசி அதையும் வாசிக்கும். பிறகு பொருளடக்கக் கோப்பில் பேஜ்-லிஸ்ட் என்ற அச்சுப் பக்க எண் பட்டியலைச் சேர்த்து 168 பக்கங்களுக்கும் இணைப்புக் கொடுங்கள்.

தலைப்பு ஒரு பத்தியை இரண்டாக உடைத்திருக்கும். முந்தைய துண்டு முற்றுப்புள்ளியிலோ கேள்விக்குறியிலோ மேற்கோளிலோ முடியாவிட்டால் இரண்டையும் சேர்க்க வேண்டும். இதில் "எல்லாவற்றையும் மாற்று" பொத்தானைத் தொடாதீர்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். இயல் தொடங்கும் பக்கங்களில் தலைப்பு அச்சாகியிருக்காது, அந்த எண்களைக் கையால்தான் போட வேண்டும்.

மைக்கூடு

நான்கு மாலை ஆயிற்று. இயல் தொடங்கும் பக்கங்கள் 14, அச்சுப் படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டேன். என்எஃப்சி மாற்றிய பிறகு தேடல் ஒழுங்காக வேலை செய்கிறது. நூல் பெயரைத் திருத்தியதும் அம்மாவின் கைப்பேசியில் மேலே சின்னதாக "தோப்பு வீட்டு நாட்கள்" என்று வந்துவிட்டது. அப்பா வைத்த இடத்திலேயே.

நேற்று அக்கா ஊரிலிருந்து பேசினாள், அவளிடம் அச்சுப் படி இருக்கிறது. 112ஆம் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். நானும் பட்டியலில் 112ஐத் தொட்டேன். "இறக்கி வைத்தாள்" என்று இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தோம். நெடுங்கணக்கு ஐயா, அச்சுமனை ஐயா, மிக்க நன்றி. ஔகாரம் இன்னும் மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது, இன்று இரவு திருத்திவிடுவேன்.