ஸ்ட்ரூடல் போட்ட ப்ராஜெக்ட், சோர்ஸ் வெளிய போகக் கூடாதாம். அவசர உதவி!

தாளக்கட்டு:
வணக்கம். ஸ்ட்ரூடல் (கோடு எழுதி பிரவுசர்ல இசை உண்டாக்குற லைப்ரரி) வச்சு ஜெனரேட்டிவ் மியூசிக் வேலை ஒண்ணு முடிஞ்சாச்சு, நிரலே இசையை உருவாக்கும். கடைசில லைசென்ஸ் செக்கர் ஓட்டினா ஏஜிபிஎல்-னு காட்டுது (பிரதி கொடுத்தா சோர்ஸ் கோடையும் கொடுக்கணும்ங்கிற லைசென்ஸ்). சோர்ஸ் பப்ளிக் ஆகக் கூடாதுன்னு கிளையண்ட் ஒத்தக்கால்ல நிக்கிறார். எதை மாத்தினா தப்பிக்கலாம்? நாளைக்கு டெலிவரி.

லூப்மணி:
எந்தெந்த பேக்கேஜ்? வெப்சைட்டா, ஒரு இடத்துல மாட்டி வைக்கிற இன்ஸ்டலேஷனா? லைப்ரரியைத் திருத்தினீங்களா?

அரைமாத்திரை:
சூப்பர்கொலைடர்ங்கிற ஆடியோ எஞ்சினுக்கு மாறிடுங்க ப்ரோ. சர்வர் தனி ப்ராசஸா ஓடும். ஓஎஸ்சி-ங்கிற மெசேஜ் முறையில பேசிக்கிட்டா உங்க கோடுல அதோட லைசென்ஸான ஜிபிஎல் ஒட்டாது.

பழம்புலி:
வாராவாரம் இதே கேள்வி. லைசென்ஸ் ஃபைலைத் திறந்து படிக்க மட்டும் யாருக்கும் நேரமில்ல. அரைமாத்திரை, டெலிவரி நாளைக்கு. ஆடியோ எஞ்சினையே மாத்தச் சொல்றீங்க. தனி ப்ராசஸா இருந்தாலும் அந்த சர்வர் பைனரியைக் கையில கொடுத்தா அதோட சோர்ஸையும் கொடுக்கணும். லைப்ரரியா உள்ள இணைச்சா உங்க கோடும் மாட்டும்.

தாளக்கட்டு:
ஸ்ட்ரூடல் கோர், மினி, வெப்ஆடியோ. எதையும் திருத்தல. பிரவுசர்லதான் ஓடுது.

நிரல்நாடி:
திருத்தலன்னா கவலையே வேண்டாம். நெட் வழியா பயன்படுத்துறவங்களுக்கும் சோர்ஸ் தரச் சொல்ற ஏஜிபிஎல் 13-ஆம் பிரிவு திருத்தினவங்களுக்கு மட்டும்தான்.

பழம்புலி:
13-ஐ மட்டும் படிச்சா இப்படித்தான் ஆகும். பிரவுசர் கோடு சர்வர்லயே தங்குறதில்ல, பார்க்கிறவர் மெஷினுக்கே பிரதியா இறங்குது. அது விநியோகம், பிரதி கொடுக்கிறதைப் பத்தின 5, 6-ஆம் பிரிவே போதும். ஸ்ட்ரூடலையும் உங்க கோடையும் ஒரே பண்டில்ல கட்டி அனுப்பினா, மொத்தமும் ஏஜிபிஎல் கீழதான் போகணும். மினிஃபை பண்ணின, அதாவது சுருக்கின ஃபைல் சோர்ஸ் ஆகாது. உட்கார்ந்து திருத்துற வடிவத்துல கொடுக்கணும்.

லூப்மணி:
பிரவுசர்னு சொன்னா பத்தாது, யாரோட பிரவுசர்? கிளையண்ட்டோட மெஷின்லயே லோக்கலா ஓடினா, பிரதி வாங்கினவர் அவர் ஒருத்தர்தான். ஸ்பீக்கர்ல கேட்டுட்டுப் போறவங்களுக்கு எந்தப் பிரதியும் போகல. அவருக்கு சோர்ஸ் கொடுத்தா கடமை முடிஞ்சது. பப்ளிக் பண்ணணும்னு அவருக்குக் கட்டாயம் இல்ல. பண்ணினா நீங்க தடுக்கவும் முடியாது.
பப்ளிக் வெப்சைட்னா டோன்.ஜேஎஸ் லைப்ரரிக்கு மாறணும், அது எம்ஐடி லைசென்ஸ், சோர்ஸ் கேட்காது. ஸ்ட்ரூடலோட மினி நோட்டேஷன் (தாளத்தைச் சுருக்கமா எழுதுற குறியீடு) அதுல கிடையாது, பேட்டர்ன் எல்லாத்தையும் அதோட நேரம் பார்க்கிற பகுதியான டிரான்ஸ்போர்ட்ல திரும்ப எழுதணும். ஒரு ராத்திரி வேலை இல்ல. எம்ஐடி-க்கும் காப்பிரைட் வரி கூடவே போகணும். பண்டில் கட்டுற வெப்பேக் 5 லைசென்ஸ் கமெண்ட்டைப் பிரிச்சுத் தனியா ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல போடும். குப்பைன்னு நினைச்சு டிப்ளாய்ல விட்டுடாதீங்க. லைசென்ஸ் குறி இல்லாத கமெண்ட் அதுலயும் வராது, கையால சேர்க்கணும்.

அரைமாத்திரை:
அப்போ நாம எழுதுற பேட்டர்னும் ஏஜிபிஎல்லா? பாட்டுமா?

நிரல்நாடி:
வெளிய வர்ற ஒலிக்கு நிரலோட லைசென்ஸ் பொருந்தாது. பேட்டர்ன், அதைப் படிச்சு ஓட்டுற இன்டர்பிரட்டருக்கு வெறும் டேட்டா. இந்த லைசென்ஸை வெளியிட்ட எஃப்எஸ்எஃப் அமைப்போட கேள்வி-பதில்லயே இருக்கு.

பழம்புலி:
அடுத்த வரியையும் படிங்க. இன்டர்பிரட்டர் வழியா லைப்ரரி வசதிகளைக் கூப்பிட்டா அது லிங்க் பண்ணின மாதிரின்னும் அங்கேயே இருக்கு. பேட்டர்ன்ல நீங்க கூப்பிடுற ஒவ்வொரு ஃபங்ஷனும் எங்கிருந்து வருது?

நிரல்நாடி:
அப்படிப் பார்த்தா லைவ் கோடிங் பண்ற எல்லாரும் மேடையிலயே லைசென்ஸ் ஒட்டணும்.

பழம்புலி:
பிரதி கொடுத்தாதானே கடமை? மேடையில யாருக்குப் பிரதி கொடுக்கிறீங்க?

லூப்மணி:
இதுக்குத் தனி இழை போடுங்கப்பா. தாளக்கட்டு, சாம்பிள் (ரெக்கார்ட் பண்ணின ஒலித்துண்டு) எங்கிருந்து எடுத்தீங்க? சாம்பிளுக்கு லைசென்ஸ் தனி, செக்கர் அதைப் பார்க்கவே பார்க்காது. ஒரே சாம்பிள் பேக் உள்ள ஃபோல்டருக்கு ஃபோல்டர் மாறவும் மாறும். தெரியாததைத் தூக்கிட்டு சின்த் சவுண்ட் போடுங்க.

தாளக்கட்டு:
இன்ஸ்டலேஷன்தான், நெட் இல்லாத மெஷின். ரிப்போவை லைசென்ஸ் ஃபைலோட ஜிப் பண்ணி கிளையண்ட்டுக்கு மட்டும் தர்றேன், ஒத்துக்கிட்டார். எல்லாருக்கும் நன்றி.

லூப்மணி:
நெட் இல்லாத மெஷினா? சாம்பிள் லிங்க் கிட்ஹப்பைப் பார்த்துட்டு இருந்தா அங்க போய் ஆன் பண்ணும்போது டிரம்ஸ் வராது. லோக்கல் ஃபோல்டருக்கு மாத்திட்டீங்களா?