இருள் ஓட்டம்: பிளாங்க் மறுத்ததோடு முடிந்துவிட்டதா?

நெடுவானன்:
பேரண்டத்தின் நுண்ணலைப் பின்னணியை அளந்த டபிள்யூமேப் செயற்கைக்கோளின் தரவை வைத்து, சுமார் 700 பேரடைக் (கேலக்ஸி) கொத்துகள் நொடிக்கு 600 முதல் 1,000 கி.மீ. வேகத்தில் ஒரே திசையில் பாய்வதாக 2008இல் காஷ்லின்ஸ்கி குழு அறிவித்தது. அதுதான் 'இருள் ஓட்டம்'. 2013இல் அடுத்த நுண்ணலைச் செயற்கைக்கோளான பிளாங்கின் குழு மறுத்ததும் பேச்சே அடங்கிவிட்டது. ஆனால் 2015இல் அதே ஆய்வாளர்கள் பிளாங்க் தரவிலும் அந்தச் சமிக்ஞை தெரிகிறது என்று எழுதினார்கள். அதை ஏன் யாரும் பொருட்படுத்துவதில்லை?

அளவுகோல்:
பிளாங்க் வெறுமனே கைவிரிக்கவில்லை ஐயா. ஏறத்தாழ 1,750 கொத்துகளை ஆராய்ந்து, ஓட்டம் நொடிக்கு 254 கி.மீ.க்கு மேல் இருக்க முடியாது என்று 95 விழுக்காடு உறுதியுடன் வரம்பு கட்டியது. 600க்கு அதில் ஏது இடம்?

புதுவரவு:
இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். அவ்வளவு தொலைவில் உள்ள கொத்தின் வேகத்தை நுண்ணலையில் எப்படி அளக்கிறார்கள்?

அளவுகோல்:
கொத்துக்குள் கோடிக்கணக்கான பாகை வெப்பத்தில் வாயு இருக்கிறது. அதன் எலெக்ட்ரான்கள், பெருவெடிப்பின் எச்சமாக வானெங்கும் பரவியிருக்கும் நுண்ணலைகளான பேரண்டப் பின்னணிக் கதிர்களைச் சிதறடிக்கின்றன. கொத்து நம்மை நோக்கி வந்தால் அவ்விடத்தில் பின்னணி சற்றே சூடாகத் தெரியும். விலகிச் சென்றால் குளிர்ந்து தெரியும். இதுதான் சுன்யாயெவ், செல்டோவிச் கணித்த இயக்க விளைவு. வாயுவின் வெப்பத்தால் வரும் மாற்றத்தை அலைவரிசை வேறுபாட்டால் பிரித்துவிடலாம். இயக்க விளைவுக்கு அந்த வசதி இல்லை: அதன் நிறமாலையும் பின்னணியின் நிறமாலையும் ஒன்றே. பின்னணிக்கே உரிய ஏற்ற இறக்கம் எல்லா அலைவரிசையிலும் ஒரேபோல் கலந்து நிற்கும். காஷ்லின்ஸ்கி குழு இதைச் சரியாகக் கணக்கில் கொள்ளவில்லை என்று 2009இலேயே கைஸ்லர் காட்டினார். கொண்டால் அந்த முடிவின் உறுதி கரைந்துவிடுகிறது.

நெடுவானன்:
பிழையை மிகைப்படுத்துவது பிளாங்க் குழு தரவைச் சலிக்கப் பயன்படுத்திய வடிகட்டிதான் என்பது காஷ்லின்ஸ்கி தரப்பின் வாதம். நுண்ணலையை விடுங்கள். காஸ்மிக்ஃப்ளோஸ்-4 தொகுப்பில் பேரடைகளின் தொலைவுகளைக் கொண்டே, 90 கோடி ஒளியாண்டுக்கு மேற்பட்ட ஆரத்துக்குள் நொடிக்கு 419 கி.மீ. ஓட்டம் இருப்பதாக 2023இல் வாட்கின்ஸ் குழு கண்டது. பேரண்டவியலின் நிலையான மாதிரி இவ்வளவை எதிர்பார்க்கவில்லை.

அளவுகோல்:
தொலைவை வைத்துப் பேரண்ட விரிவின் வேகத்தைக் கழித்தால்தான் பேரடையின் சொந்த வேகம் கிடைக்கும். தனிப் பேரடையின் தொலைவில் 20 விழுக்காடு பிழை சாதாரணம். 30 கோடி ஒளியாண்டில் விரிவு வேகமே நொடிக்கு 6,500 கி.மீ.; பிழை மட்டும் 1,300! ஆயிரக்கணக்கில் சராசரி எடுத்தால் தற்செயல் பிழை தேயும். வட, தென் வானங்களை வெவ்வேறு தொலைநோக்கிகள் அளந்ததால் வரும் பிசகு தேயாது. 419ஐ நான் ஒதுக்கவில்லை. அது 1,000க்குச் சாட்சியாகாது என்கிறேன்.

நெடுவானன்:
சிலியில் உள்ள அட்டகாமா நுண்ணலைத் தொலைநோக்கி 2012இல் இயக்க விளைவைக் கண்டறிந்ததையும் இந்த மறுப்புக்கு ஆதரவாகக் காட்டுகிறார்கள். அது கொத்து இணைகள் ஒன்றையொன்று நெருங்கும் வேகத்தை அளந்தது. எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் ஓடினால், இணையின் ஒரு வேகத்திலிருந்து மற்றதைக் கழிக்கையில் அந்த ஓட்டம் காணாமல் போய்விடும். அந்த முறையால் இந்தக் கேள்வியைத் தொடவே முடியாது.

அளவுகோல்:
அதில் உங்களோடு உடன்படுகிறேன். முழு வானத்தையும் ஒரே கருவியால் அளந்த தரவுதான் இதற்கு வேண்டும். இப்போதைக்கு அதில் சிறந்தது பிளாங்க். அதன் வரம்பு 254.