கண் பரிசோதனையில் ஹிஸ்டரி எடுப்பது: எதைக் கேட்பது, எதை விடுவது?

ஆப்டோமெட்ரி மாணவி:
வணக்கம். ஆப்டோமெட்ரி (கண் பரிசோதித்து பவர் பார்க்கும் படிப்பு) இறுதியாண்டு படிக்கிறேன், இப்போது ஓ.பி.யில் (புறநோயாளிகள் பிரிவில்) பயிற்சி. ரெட்டினோஸ்கோப்பி, அதாவது கண்ணில் ஒளி பாய்ச்சி பவர் கண்டுபிடிப்பது, ஓரளவு கைவந்துவிட்டது. ஹிஸ்டரி எடுப்பதுதான், அதாவது நோயாளியிடம் நோய் விவரங்களைக் கேட்டு எழுதுவதுதான் இடிக்கிறது. படிவத்தில் உள்ளபடி வரிசையாகக் கேட்கிறேன். "சுகர் இருக்கா?" "இல்லை." "பிரஷர்?" "இல்லை." "வேற மருந்து ஏதாவது?" "இல்லை." டாக்டர் அறைக்குள் போனதும் அதே நோயாளி பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து வைக்கிறார்! வெளியே வரிசையும் நீள்கிறது. எதைக் கட்டாயம் கேட்கவேண்டும், எதை விடலாம்?

பழைய ஆப்டோமெட்ரிஸ்ட்:
அவர் மறைக்கவில்லை. மாத்திரை போட்டு சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், அவரைப் பொறுத்தவரை நோயே இல்லை. அதனால் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். "காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன மாத்திரை, ஊசி, இன்ஹேலர்?" என்று கேளுங்கள். கண் சொட்டு மருந்தைத் தனியாகக் கேட்கவேண்டும், பலர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அரிப்புக்கு என்று தானாகவே ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக்கணக்கில் விடுபவர்கள் உண்டு. வலியே இல்லாமல் கண் அழுத்தம் ஏறியிருக்கும்.

புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிட்டவரா என்பது புரை அறுவை செய்பவருக்குத் தெரிந்தாக வேண்டும், எப்போதோ நிறுத்தியிருந்தாலும்கூட. அறுவையின்போது ஐரிஸ் (பாப்பாவைச் சுற்றியுள்ள நிறப் படலம்) தொளதொளத்துப்போய்ச் சிக்கல் வரும். காசநோய்க்கு எத்தாம்புட்டால் என்றால் நிறப் பார்வையையும் பாருங்கள். மூட்டுவாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்றால் எத்தனை வருடமாக என்று கேளுங்கள். 5 வருடத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை வேண்டும்.

இன்னொன்று. "நேத்து திடீர்னு இந்தக் கண்ணு தெரியாமப் போச்சு" என்பார்கள். அப்படியே எழுதிவிடாதீர்கள். "நேற்று என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேளுங்கள். தூசி விழுந்து நல்ல கண்ணைக் கசக்கியிருப்பார், அப்போதுதான் மற்றது மங்கல் என்று தெரிந்திருக்கும். அவர் கண்டுபிடித்தது நேற்று, பார்வை குறைய ஆரம்பித்தது எப்போதோ. "அந்த ஒரு கண்ணால் மட்டும் கடைசியாக எப்போது நன்றாகப் பார்த்தீர்கள்?" என்ற கேள்வியில் பாதி விடை வந்துவிடும். இரண்டாகத் தெரிகிறது என்றால் ஒரு கண்ணை மூடச் சொல்லுங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிறது என்றால் கண்களின் நேர்கோட்டில்தான் கோளாறு. ஒன்றை மூடியும் இரண்டாகவே தெரிந்தால் கோளாறு திறந்திருக்கும் கண்ணிலேயே, பெரும்பாலும் பவரோ புரையோ உலர்வோ.

எதை விடலாம் என்றால், கண்ணாடி உடைந்துபோய் வந்த இளைஞரிடம் முழுப் படிவமும் தேவையில்லை. ஆனால் குடும்பத்தில் க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்) உண்டா என்பதை யாரிடமும் விடாதீர்கள். பெயர் பலருக்குத் தெரியாது. "வீட்டில் யாராவது தினமும் கண்ணில் மருந்து விடுகிறார்களா, யாருக்காவது பார்வை போயிருக்கிறதா?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கண் மருத்துவர்:
மேலே சொன்னது அத்தனையும் சரி. அவசரங்களை மட்டும் சேர்க்கிறேன். கண்ணில் சுண்ணாம்பு, அமிலம் பட்டு வந்தால் ஹிஸ்டரியே வேண்டாம், முதலில் கழுவுங்கள். நிறையத் தண்ணீர். கேள்வியெல்லாம் அப்புறம்.

மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, புதிதாகக் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை விழுவதுபோல் மறைப்பு என்றால் விழித்திரை விலகலாக இருக்கலாம், வரிசையில் உட்கார வைக்காதீர்கள். சுத்தியலால் இரும்பை அடிக்கும்போது ஏதோ தெறித்தது என்றால், கண் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே துகள் இருக்கலாம்.

50 வயதைத் தாண்டியவர் சில நொடி பார்வை மறைந்து வந்தது என்றால் "மெல்லும்போது தாடை வலிக்கிறதா, தலை சீவும்போது வலிக்கிறதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அந்த நிமிடமே என்னிடம் அனுப்புங்கள். ரத்தக்குழாய் அழற்சியாக இருந்து சிகிச்சை தாமதமானால் இரண்டு கண்ணுமே போய்விடும்.

ஆப்டோமெட்ரி மாணவி:
மிக்க நன்றி சார். கூட வந்தவரே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால்?

பழைய ஆப்டோமெட்ரிஸ்ட்:
நோயாளியின் முகத்தைப் பார்த்தே கேளுங்கள். அவர் முடித்த பிறகு கூட வந்தவரிடம் திரும்புங்கள். படியில் தடுமாறுகிறார், டிவிக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறார் என்பதையெல்லாம் அவர்தான் சொல்வார். குழந்தைக்கு மாறுகண் எப்போது தொடங்கியது என்று பெற்றோருக்கே நினைவில்லையென்றால், ஃபோனில் பழைய படங்களைத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். தேதியோடு கிடைத்துவிடும்.